திறன்பலகைக்குக் காது மந்தம்

நவம்பர் 3, திங்கள்

மழைக்கு லீவு விடுவார்கள் என்று காலையில் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். விடவில்லை. ராஜபாளையத்தில் கொட்டுகிறது, பஸ் செட்டியார்பட்டியைத் தாண்டினால் சுள்ளென்று வெயில். ஊரே காய்ந்து கிடக்க, நான் மட்டும் சொட்டச் சொட்டப் பள்ளிக்கூடத்துக்குள் போனேன். தலைமையாசிரியர் ஐயாதுரை சார் வாசலில் நின்று, "மழையா டீச்சர்?" என்று கேட்டார். இல்லை சார், வழியில் குளித்துவிட்டு வந்தேன். (சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.)

எங்கள் மூன்றாம் வகுப்புச் சுவரில் திறன்பலகை (ஸ்மார்ட் போர்டுதான்) மாட்டி மாதக்கணக்கில் ஆகிறது. இதுவரை அது கண்டது ஆயுத பூஜைச் சந்தனமும் ஒரு பழைய பெட்ஷீட்டும்தான். "தூசி பட்டு ரிப்பேரானா நம்ம தலையிலதான் விடியும்" என்று சார் போர்த்தி வைத்திருக்கிறார். காலையில் நான் பெட்ஷீட்டை விலக்குவேன். பிள்ளைகள் "குட் மார்னிங் டிவி" என்பார்கள். பிறகு பக்கத்திலிருக்கிற கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவேன். சாயங்காலம் மறுபடி போர்த்திவிட்டு வீட்டுக்கு வருவேன்.

பயமா எனக்கு? பயமெல்லாம் இல்லை. மரியாதை.

நவம்பர் 5, புதன்

ஹஃபீஸா இன்றைக்கு என்னைச் சோறு தின்ன விடவில்லை. மேகத்துக்கு எடை உண்டா, மழை பெய்தால் அது எம்புட்டு குறையும், குறைந்தால் மேலே போகுமா கீழே வருமா. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். "யார்ட்ட கேட்டுட்டு வந்து சொல்லுவீக?" என்றாள். எட்டு வயசு!

அவளுக்கு இதெல்லாம் செய்தி சேகரிப்பு. அவளுடைய அத்தா மைதீன் பிச்சை (அவர்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்) கேரளாவில் புனலூர்ப் பக்கம் தெருத்தெருவாக நைட்டி விற்கிறார். எப்போதாவதுதான் ஊருக்கு வருவார். தினமும் சாயங்காலம் அம்மா போனில் அத்தாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவது ஹஃபீஸாவின் வேலை. பள்ளிக்கூடத்தில் நடந்தது ஒன்று விடாமல் போய்விடும். போன வாரம் நான் கட்டியிருந்த சேலையில் சாம்பார் கொட்டியது புனலூருக்குத் தெரிந்த பிறகுதான் எங்கள் சாருக்கே தெரிந்தது.

மேகத்துக்கு எடை உண்டாம். வீட்டில் இவரிடம் கேட்டேன், அவரும் போனில் பார்த்துத்தான் சொன்னார்.

நவம்பர் 7, வெள்ளி

என் கட்டைவிரலை வெட்டிப் போட வேண்டும்.

ஆசிரியர்கள் வாட்ஸப் குரூப்பில் எது வந்தாலும் நான் கட்டைவிரல் போடுவேன். சுற்றறிக்கைக்குப் போடுவேன், பிறந்தநாளுக்குப் போடுவேன், ஒருமுறை இரங்கல் செய்திக்கே போட்டுத் திட்டு வாங்கினேன். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம், வேறொன்றுமில்லை. நேற்று பஸ்ஸில் தொங்கிக்கொண்டே ஒன்றுக்குப் போட்டேன். இன்று சார் எழுந்து நின்று கை கொடுக்கிறார். "நம்ம பள்ளிக்கூடத்துக்கே பெருமை டீச்சர்." என்ன பெருமை? எடுத்துப் பார்த்தால்: 'திறன்பலகை வைத்து மாதிரி வகுப்பு எடுக்க விருப்பமுள்ள ஆசிரியர்கள் கட்டைவிரலை உயர்த்தவும்.'

மற்றவர்கள் எல்லாரும் கும்பிடு போட்டிருந்தார்கள். விவரமானவர்கள்.

நவம்பர் 8, சனி

எப்படியாவது கழன்றுகொள்ளலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். எங்களுக்குப் பயிற்சி தருகிற அழகியமணவாளன் சார் வீடு கோவிலுக்குப் பக்கத்துத் தெரு. கதவைத் திறந்ததுமே, "வாங்கோ பியூலா மேடம், தைரியமா முன்வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார். அவர் மனைவி ஸாவித்ரி காபி கொண்டுவந்து வைத்து, "யாருமே கை தூக்கலைன்னு ஒரு வாரமா இவர் சரியா சாப்பிடக்கூட இல்ல. நேத்துதான் சாப்பிட்டார்" என்றார். அதற்கு மேல் எங்கே கழல்வது? காபியைக் குடித்தேன்.

ஆனால் அவர் காட்டிய விஷயம் எனக்குப் பிடித்துவிட்டது, பொய் சொல்லக் கூடாது. பலகையில் ஒரு மைக் படம் இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டுப் பேசினால் அதுவே தமிழில் எழுதிவிடுகிறது. "பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வாக்கியம் தன் குடும்பத்தப் பத்தி சொல்லட்டும். பலகை எழுதும். எழுதினத அவாளே வாசிக்கட்டும். தான் சொன்னத வாசிக்கறதுக்கு எந்தக் குழந்தையும் திணறாது" என்றார். எழுத்துக்கூட்டித் தவிக்கிற என் பிள்ளைகள் ஒவ்வொன்றும் கண்முன் வந்தது. இது நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

திரும்பும்போது பால்கோவா வாங்கினேன். வீட்டுக்குப் பாதிதான் வந்து சேர்ந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

ஒத்திகை. பலகைக்கு நெட் வேண்டும். சார் போனில்தான் ஹாட்ஸ்பாட். ஜன்னலோரம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால்தான் சிக்னல் என்பதால், சார் பாடம் முழுக்க அங்கேயே கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நடுவில் அவர் மகள் போன் பண்ணிவிட்டாள், நெட் போனது. பிள்ளைகள் "சார், அக்காவ பொறவு பேசச் சொல்லுங்க" என்று கத்தினார்கள்.

ஹஃபீஸாதான் முதலில் போய் நின்றாள். பலகையைப் பார்த்து, "உனக்கு எம்புட்டு வயசு?" என்றாள். பலகை எழுதியது: 'உனக்கு என் பூட்டு வயசு.'

வகுப்பு உருண்டது. அடுத்தவன் "அம்புட்டுதான்" என்றான், 'அம்பு விட்டு தான்' என்று வந்தது. "பொறவு" என்றால் 'பறவை'. "ஏட்டி" என்றால் 'எட்டு'. செல்வலட்சுமி வீட்டில் தெலுங்கு, அப்பாவை நாயனா என்பாள். "எங்க நாயனா நாய் வளக்காரு" என்றாள். பலகை, 'எங்க நாய் நானா நாய் வளக்காரு' என்றது. அதற்கு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது செல்வலட்சுமிதான். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், சார் சிரித்ததில் கை ஆடி மறுபடி நெட் போனது.

ஹஃபீஸா தீர்ப்புச் சொன்னாள்: "இதுக்குக் காது மந்தம் டீச்சர்."

நவம்பர் 13, வியாழன்

"அன்னைக்கு மட்டும் பிள்ளைகள நல்ல தமிழ்ல பேசச் சொல்லுங்க டீச்சர்" என்றார் சார். சரி என்று தலையாட்டினேன். நல்ல தமிழ் என்றால் எது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நவம்பர் 19, புதன்

முடிந்தது. பிரமாதம் என்கிறார்கள். எனக்கு எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து ஆசிரியர்கள் பின்பெஞ்சு நிறைய. அழகியமணவாளன் சார் புதுச் சட்டையில். நடுநாயகமாகக் கல்வி அலுவலர் மேடம். ஜன்னலில் எங்கள் சார், போனைத் தூக்கியபடி. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய், "என் அம்மா மில்லுக்குப் போகிறார்," "என் அப்பா நாய் வளர்க்கிறார்" என்று சொல்லிக்கொடுத்தபடி சொல்ல, பலகை பிசகில்லாமல் எழுதியது. வாசித்தார்கள். என்னால் நம்பவே முடியவில்லை.

ஹஃபீஸா வந்தாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தால் நிற்காது என்று எனக்குத் தெரியும், அவளாகவே சொல்லட்டும் என்று விட்டிருந்தேன். "எங்க அத்தா கேரளாவுல நைட்டி விக்காக" என்றாள், கணீரென்று.

பலகை: 'எங்க அத்தை கேரளாவுல நைட்டி விற்காத.'

பின்னால் சிரிப்பு. சத்தம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள் பிள்ளை. இன்னும் சத்தமாகச் சொன்னாள். 'அத்தை.' மைக் பக்கத்தில் போய், பிரித்துப் பிரித்து, "அத்... தா" என்றாள். 'அத்தை தா.' அலுவலர் மேடம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, யாருக்கும்தான் சிரிப்பு வரும். அன்றைக்கு நாங்களும்தானே சிரித்தோம். ஆனால் அன்றைக்கு அது எங்கள் வீட்டுச் சிரிப்பு.

ஹஃபீஸா திரும்பி என்னைப் பார்த்தாள். எப்போதும் கேள்வியோடு பார்க்கிறவள், இன்றைக்கு விடைக்காகப் பார்த்தாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? பலகையை அணைத்திருக்கலாம். 'இந்தப் பலகைக்கு அத்தா தெரியாது, நான் எழுதுகிறேன்' என்று சாக்பீஸை எடுத்திருக்கலாம். நான் செய்தது — "அப்பான்னு சொல்லும்மா."

ஏன் சொன்னேன்? மேடம் பார்க்கிறார்களே என்று. அதான். வேற ஒண்ணும் இல்ல.

அவள் சொன்னாள். டிவியில் செய்தி வாசிக்கிற குரலில், "எங்கள் அப்பா கேரளாவில் துணி வியாபாரம் செய்கிறார்." பலகை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதியது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நவம்பர் 20, வியாழன்

ஹஃபீஸா இன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

இன்றும் இல்லை. குரூப்பில் என் போட்டோவைப் போட்டு 'தொழில்நுட்பம் தழைக்கும் வகுப்பறை' என்று எழுதியிருக்கிறார்கள். கட்டைவிரலாக வந்து குவிகிறது. பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

நவம்பர் 25, செவ்வாய்

"என்ன புள்ள, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். ஹஃபீஸா எழுந்து நின்று, "நான் நலமாக இருக்கிறேன் ஆசிரியர் அவர்களே" என்றாள். கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு பார்த்தால் பக்கத்துப் பிள்ளையிடம் ரப்பர் கேட்பதும் அப்படித்தான்: "அழிப்பான் தருகிறாயா?" அந்தப் பிள்ளை பயந்துபோய் ரப்பரை அவளுக்கே கொடுத்துவிட்டது.

ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுகிறாள். அப்படிப் பார்த்துப் பார்த்துப் பேசினால் எத்தனை பேசமுடியும்? அதனால் பேசுவதே இல்லை. ஊமையாக இருந்த பிள்ளைகளைப் பேசவைத்ததாகச் சொல்லித்தான் எத்தனையோ டீச்சர்மார் பேர் வாங்கியிருக்கிறார்கள். பேசிக்கிட்டிருந்த பிள்ளைய ஊமையாக்கிப் பேர் வாங்குனவ நான் ஒருத்திதான்.

நவம்பர் 27, வியாழன்

ஹஃபீஸாவின் அம்மா சம்சாத் பேகம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரும்போதே தெரிந்தது, கும்பிடு போட வரவில்லை என்று.

"டீச்சர், எம்பிள்ளைய என்ன செஞ்சீக?"

போனை எடுத்து ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினார். ஹஃபீஸாவின் குரல். "அப்பா, நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் நலமா? உணவு உண்டீர்களா? நன்றி." அவ்வளவுதான். முடிந்தது.

"இதக் கேட்டுட்டு அவிய புனலூர்ல வியாபாரத்த விட்டுட்டு உக்காந்துட்டாக. முதல்ல யாரோ வேற வீட்டுப் பிள்ள தப்பாப் போட்டிருச்சுன்னு நெனச்சாகளாம். பொறவு எனக்குப் போன் பண்ணி, 'வீட்டுல யாருக்கும் எதுவும் ஆயிருச்சா, மறைக்காமச் சொல்லு'ங்காக. பிள்ளைக்குக் காத்துக் கருப்பு அண்டிருச்சான்னு கேக்காக. நான் என்னத்தச் சொல்ல?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நடந்ததைச் சொன்னேன். நான் அப்பா என்று சொல்லச் சொன்னதையும் சொன்னேன். சம்சாத் பேகம் போனை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ராஜபாளையத்துல இருந்து வேன் வருது. அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல போட்டுருவமான்னு இருக்கேன். அங்கயும் இந்தப் பலகைதான் இருக்குமாம். ஆனா அங்க நீங்க இருக்க மாட்டீகள்ல?"

நன்றாகக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

மைதீன் பிச்சை ஊருக்கே வந்துவிட்டார். ஒரு 'நலமா'வுக்குப் பஸ் ஏறி வந்த மனிதர். காலையில் வகுப்பு வாசலில் வந்து நின்றார். மெலிந்த ஆள், தோளில் ஒரு பை. சார் ஓடிவந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார், எனக்குத் துணையாகவா தனக்குத் துணையாகவா தெரியவில்லை.

"சண்டைக்கு வரல டீச்சர். அந்த மிசினப் பாக்கணும்."

போர்வையை விலக்கிப் போட்டுக் காட்டினேன். சார் ஜன்னலுக்கு ஓடினார். மைதீன் பிச்சை பலகை முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் ஹஃபீஸாவோட அத்தா" என்றார். பலகை, 'நான் ஹஃபீஸாவோட அத்தை' என்றது.

அவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு மீசையைத் தடவி விட்டுக்கொண்டு, "ஏலே, நல்லாப் பாருலே" என்று பலகையிடம் சொன்னாரே பார்க்கலாம். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துத் துடைத்து.

ஹஃபீஸா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, மெதுவாக, "அப்பா என்று சொல்லுங்கள். அதற்குப் புரியும்" என்றாள்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பையை இறக்கி வைத்துவிட்டு அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அதுக்குப் புரியும்மா. எனக்குப் புரியாதே. நடுத்தெருவுல நீ அப்பான்னு கூப்புட்டன்னு வையி, வேற யாரோ அவுக அப்பனக் கூப்புடுதாகன்னு நான் பாட்டுக்குப் போயிருவேன். அத்தான்னாத்தான் நான் திரும்புவேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அழித்த இடத்தை மறுபடி அழித்தேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

அழகியமணவாளன் சாருக்குப் போன் போட்டேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "சார், ஒங்க மைக்குக்கு எம்பிள்ளையோட அத்தாவத் தெரியல. எனக்கு இது வேண்டாம், கழட்டிட்டுப் போயிருங்க." இன்னும் என்னென்னவோ பேசினேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. பாவம்.

கடைசியில், "மேடம், நான் 'ஆத்துக்குப் போறேன்'னா அது 'ஆற்றுக்குப் போறேன்'னு எழுதறது. ஸாவித்ரிக்கு அப்படியே அனுப்பிடுவேன். அவளும் குளிச்சுட்டு வாங்கோன்னு பதில் போடுவா. வேடிக்கைன்னு விட்டுட்டேன். ஒரு குழந்தைக்கு அது வேடிக்கையா இருக்காதுன்னு தோணலை" என்றார்.

எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. அவரே தொடர்ந்தார். "எழுதச் சொல்றதாலதானே மேடம் தப்பா எழுதறது? எழுதவே சொல்லாதீங்கோ. அதுக்குப் பேசவும் தெரியும். பிள்ளைகள் குரலைப் பதிவு பண்ணி உள்ள போட்டுட்டா, தொட்டதும் அப்படியே திருப்பிச் சொல்லும்."

திருப்பிச் சொல்லும். அவ்வளவு போதுமே.

டிசம்பர் 4, வியாழன்

வேலை தொடங்கியாயிற்று. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் உள்ளவர்களைப் படம் வரைய வேண்டும். கீழே அவர்களை எப்படிக் கூப்பிடுவார்களோ அதைத் தன் கையால் எழுத வேண்டும். நான் படத்தைப் போட்டோ எடுப்பேன். பிறகு என் போனில் அந்தப் பேரைச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் பலகையில் ஏற்றினால், படத்தைத் தொட்டதும் வரைந்த பிள்ளையின் குரலே பேசும்.

எழுத வராது என்று அழுகிற பிள்ளைகள்கூட உட்கார்ந்து எழுதின. அவர்கள் வீட்டு ஆளின் பேராயிற்றே, தப்பாக எழுதினால் விடுவார்களா? ஒருவன் 'அய்யா' என்பதற்கு இரண்டு புள்ளி வைத்துவிட்டு, "எங்க அய்யாவுக்கு அம்புட்டுப் புள்ளி கிடையாது" என்று அவனே அழித்தான். செல்வலட்சுமி "நாயனா" என்று சொல்லிவிட்டு, தன் குரலை எட்டுத் தடவை போடச் சொல்லிக் கேட்டாள். படத்தில் நாயனாவைவிட நாய்தான் பெரிதாக இருந்தது.

ஹஃபீஸா படம் வரைந்தாள். நைட்டி மூட்டையோடு ஒரு ஆள், பெரிய மீசை. கீழே ஒன்றும் எழுதவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

சத்துணவு மணிக்குப் பிறகு ஹஃபீஸா என்னிடம் வந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. (இதற்கே எனக்கு ஒரு பதக்கம் தரலாம்.)

"டீச்சர், இது எழுதுமா?"

டீச்சர்! ஆசிரியர் அவர்களே போய்விட்டது. கண்டுகொள்ளாத மாதிரி, "எழுதாது. நீ சொன்னத அப்படியே சொல்லும்" என்றேன்.

"மாத்திச் சொல்லிருச்சுன்னா?"

"மாத்த அதுக்குத் தெரியாது."

போனை வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனாள். ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மணி அடித்தது, வரவில்லை. சார் வந்து எட்டிப் பார்த்தார், வரவில்லை. நான் போய் நிற்கும்போதுதான் முடித்துவிட்டுப் போனைக் கொடுத்தாள்.

பஸ்ஸில் கேட்டேன். "அத்தா" என்று தொடங்குகிறது. அதோடு நிற்கவில்லை. செல்வலட்சுமி நாய் படம், சாம்பாரில் கத்திரிக்காய், மேகத்துக்கு எடை இருக்காம், நீங்க போனப்ப பையில வைக்க எடுத்த சீப்ப விட்டுட்டுப் போயிட்டீக — பதினைந்து நாள் பாக்கி அத்தனையும். நடுவில் என்னைப் பற்றியும் உண்டு: "டீச்சரு பாவம் அத்தா. அந்தப் பலகையப் பாத்தா அவியளுக்குப் பயம். வெளிய காட்டிக்கிட மாட்டாக."

இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு, சந்தோஷமாகத் திரும்பி நடந்து வந்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

பலகை பேசியது. மீசைக்காரரைத் தொட்டால் "அத்தா." அது மட்டும்தான் அதில், மிச்சத்தை வெட்டி எடுத்து சம்சாத் பேகத்துக்கு அனுப்பிவிட்டேன். என்னைப் பற்றிய பகுதியையும்தான், என்ன செய்வது. படத்தின் கீழே ஹஃபீஸாவின் கோணல் எழுத்தில் 'அத்தா.' வகுப்பு வாசித்தது. நாயனா, அய்யா, அப்பா, அத்தா என்று வரிசையாகத் தொட்டுத் தொட்டு எல்லாப் பிள்ளைகளும் எல்லாரையும் கூப்பிட்டார்கள். பெட்ஷீட்டைச் சார் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார், துவைக்கவாம்.

டிசம்பர் 18, வியாழன்

அரையாண்டுத் தேர்வு. சம்சாத் பேகத்திடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்: "டீச்சர், பரிச்ச நேரம், செத்த கண்டிச்சு வைங்க. போன என் கையிலயே தர மாட்டேங்கா. அவிய புனலூர்ல வியாபாரம் பாக்கவா, இவ சொல்லுததக் கேக்கவா?" வேன் பேச்சைக் காணோம். நான் கேட்கவும் இல்லை. பதிலுக்குக் கட்டைவிரல் போடப் போய், நிறுத்தி, சரிங்க என்று பேசியே அனுப்பினேன்.

ஜனவரி 21, புதன்

கல்வி அலுவலர் மேடம் இன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். சாருக்கு வேர்த்துவிட்டது. எனக்கும்தான். கரண்ட் இல்லை, பலகை கறுப்பாக நின்றது. நான் சாக்பீஸும் கையுமாக.

மேடம் சுற்றிப் பார்த்துவிட்டு ஹஃபீஸாவிடம் போய் நின்றார். அடையாளம் தெரிந்திருக்கிறது. "நீ நல்லாப் பேசுன பிள்ளைல்ல? அப்பா இப்ப எங்க இருக்காங்க?"

ஹஃபீஸா எழுந்தாள். "எங்க அத்தா புனலூர்ல இருக்காக."

"யாரு, அத்தையா?"

வெளியே ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அவர் காதில் சரியாக விழவில்லை, அவ்வளவுதான். ஹஃபீஸா என்னைப் பார்த்தாள். வாய் துறுதுறுத்தது எனக்கு. ஏட்டி பியூலா, வாயத் தெறக்காத. திறக்கவில்லை.

"அத்தை இல்ல மேடம். அத்தா."

"ஓ. அத்தா."

"ஆங், அதான்" என்று சொல்லிவிட்டு, ஹஃபீஸா உட்கார்ந்துகொண்டாள்.